பிரஷர் கொஞ்சம்தான் அதிகம்: மாத்திரை இப்போதே தொடங்க வேண்டுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 47. டோம்பிவிலியில் இருக்கிறேன். மும்பை ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் ஆபீஸில் மருத்துவ முகாம் வைத்தார்கள். பிரஷர் 148/94 என்றார்கள். பயந்துபோய் அன்று இரவே ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் பகுதி டாக்டரிடம் போனேன். அங்கே 144/92. டெல்மிசார்டான் 40 எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் ஒன்று என்றார். நான் இன்னும் வாங்கவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் அக்கா, "ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்தவே முடியாது, இந்த வயசுல எதுக்குடா" என்கிறாள். மனைவி, "உங்க அப்பாவுக்கு 63 வயசுல கை கால் விழுந்தது மறந்துபோச்சா" என்கிறாள். எடை 79 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வெறும் வயிற்றில் சுகர் 104. சிகரெட் பழக்கம் இல்லை. முதுகுவலிக்காக வாரத்தில் மூன்று நாலு தடவை வலி மாத்திரை போடுவேன். குறட்டை உண்டு, இதை மனைவி எழுதச் சொன்னாள். தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது. மாத்திரை தொடங்கவா, வேண்டாமா?
– வாசகர், டோம்பிவிலி கிழக்கு

பதில்: நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், நாளைக் காலையே மாத்திரை போட்டாக வேண்டிய அவசரம் இல்லை. அதற்காக அந்தச் சீட்டை டிராயரில் போட்டு மறந்துவிடவும் கூடாது. ஒரு வாரம் வீட்டில் ஒழுங்காக அளந்து, சில பரிசோதனைகள் செய்துகொண்டு, அதே டாக்டரிடம் திரும்பப் போய்ப் பேசி முடிவெடுங்கள். "இப்போதே மாத்திரை" என்று முடிவாகலாம், "மூன்று மாதம் பார்ப்போம்" என்றும் ஆகலாம். இரண்டுமே சரியான முடிவாக இருக்க முடியும். எதையும் செய்யாமல் இப்படியே ஓட்டுவதுதான் ஆபத்து. செம்பூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் என் மனதை மிகவும் வருத்துகிறவர்கள், சில வருஷங்களுக்கு முன்னால் "கொஞ்சம் பிரஷர் இருக்கு" என்று கேள்விப்பட்டு, அத்தோடு விட்டுவிட்டு, இன்று ஒரு பக்கம் கை வராமல் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர்கள்தான். உங்களுக்கு அது வர வேண்டாம் என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு அளவுகளையும் பார்ப்போம். ஆபீஸ் முகாமில் வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு எடுத்த அளவாக இருக்கும். அடுத்தது, ஃபாஸ்ட் லோக்கலில் நெரிசலில் நின்று வந்து, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, "என்ன ஆகுமோ" என்ற பயத்தோடு எடுத்தது. பிரஷர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். பேசிக்கொண்டிருந்தால் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் பத்துப் புள்ளி வரைகூட ஏறலாம். கையில் சுற்றும் பட்டை உங்கள் கையின் பருமனுக்குச் சிறியதாக இருந்தாலும் கூடக் காட்டும். டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிறவர்கள் உண்டு. கிளினிக்கில் பிரஷர் அதிகம் என்று தெரிகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வீட்டில் அளந்தால் சரியாகவே இருக்கும். நேர்மாறாக, கிளினிக்கில் நல்ல அளவு காட்டி வீட்டிலும் வேலையிலும் ஏறியிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்கள் டாக்டர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்தில், இரண்டு நேரத்தில், 140/90-க்கு மேல் இருந்திருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. அவர் கவலைப்பட்டது நியாயம். ஆனால் பல வருஷங்களுக்குச் சாப்பிட வேண்டியிருக்கும் ஒரு மாத்திரைக்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்கி உண்மையான அளவு என்ன என்று பார்ப்பதில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள். மேல் கையில் சுற்றுகிற வகைதான் வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒரு தடவை கிளினிக்குக்கு எடுத்துப் போய் டாக்டரின் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஏழு நாள். காலையில் பாத்ரூம் போய் வந்து, காபி குடிப்பதற்கு முன்னால். இரவில் வீட்டுக்கு வந்தவுடனே வேண்டாம்; குளித்து, ஆற அமர உட்கார்ந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். டிவியும் வேண்டாம், போனும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். பிடிக்காத எண் வந்தால் அதை விட்டுவிட்டு மறுபடி அளக்காதீர்கள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது. கிளினிக்கில் 140/90 என்பதற்கு வீட்டுக் கணக்கில் சமமானது 135/85 தான். அப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதே மாதிரி அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்களுக்கு நாளடைவில் நிரந்தரமாக ஏறிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 135/85-ஐத் தாண்டினால் உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்பது உறுதி. எல்லைக்கோட்டிலேயே நின்றால், 24 மணி நேரமும் கையில் கட்டி வைத்திருக்கும் மானிட்டர் ஒன்று உண்டு, அதை டாக்டர் சொல்லலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

முதலாவது, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷரை ஏற்றும். வாரத்தில் மூன்று நாலு என்றால் அது சும்மா விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. பிரஷருக்காக டெல்மிசார்டான் சாப்பிட்டுக்கொண்டே இவற்றையும் போட்டால் அந்த மாத்திரையின் வேலை குறையும், சிறுநீரகத்துக்கும் சுமை. உங்கள் பிரஷரில் எவ்வளவு பங்கு இந்த வலி மாத்திரையால் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அளக்கும் வாரத்துக்கு முன்னாலேயே இதை நிறுத்துங்கள். வலி தாங்கவில்லை என்றால் எப்போதாவது பாரசிட்டமால் போதும், அதையும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். முதுகுவலிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஜலதோஷத்துக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரக் கஷாயம் தினமும் குடிக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். நாட்டு மருந்துதானே என்று டாக்டரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, குறட்டை. எழுதச் சொன்ன உங்கள் மனைவிக்கு என் நன்றி. அவரிடமே இதையும் கேளுங்கள்: தூக்கத்தில் குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறி மூச்சு வாங்குகிறதா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். அடங்காத பிரஷருக்கு அது ஒரு பெரிய காரணம். காலையில் எழுந்து ரயில் பிடிக்கிறவர்கள் எல்லோரும் லோக்கலில் சீட் கிடைத்தால் தூங்கத்தான் செய்வார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் பத்து மணிக்குக் கண் சொக்குகிறது என்றால், தூக்கப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சரி, சராசரி 140-ஐ ஒட்டியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாத்திரையா, காத்திருப்பதா? இங்கேதான் அக்காவும் உங்கள் மனைவியும் எதிரெதிராக நிற்கிறார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அக்காவின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் லேசான ரத்த அழுத்தம் உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். 850 பேர் ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்கு வரவிருந்த பக்கவாதம் தடுக்கப்படும் என்பது அதன் கணக்கு. மற்ற 849 பேருக்கு அந்த வருஷத்தில் பக்கவாதத்தைப் பொறுத்தவரை எந்த வித்தியாசமும் இல்லை. லேசான பிரஷர், வேறு எந்தக் கோளாறும் இல்லை என்பவருக்கு மாத்திரையால் கிடைக்கும் லாபம் சிறியதுதான். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

இப்போது மனைவியின் பக்கம். அந்தக் கணக்கு ஒரு வருஷத்துக்கு மட்டும். உங்களுக்கு வயது 47, இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ரத்தக் குழாய்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பத்து லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டி 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மேல் எண் 20 ஏறினால், அல்லது கீழ் எண் 10 ஏறினால், பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரு மடங்கு ஆகிறது என்று காட்டியது. இந்த ஏற்றம் 115/75-இலிருந்தே தொடங்குகிறது. நம் நாட்டுக்காரர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021-இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு, மேல் எண்ணை மாத்திரையால் 5 குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று சொன்னது. 10 குறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இதை உங்கள் கணக்குப் பிரிவு முறையிலேயே பாருங்கள். பத்து வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஒருவருக்கு நூற்றில் 5 என்றால், மாத்திரை அதை 4 ஆக்கும். இன்னொருவருக்கு நூற்றில் 20 என்றால் 16 ஆக்கும். மாத்திரை ஒன்றேதான், லாபம்தான் நாலு மடங்கு வித்தியாசம். ஆகவே 148 என்ற எண் மட்டும் முடிவைச் சொல்லாது. அந்த எண் யாருடைய உடம்பில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டாக்டர்களிடம் இதற்கான கணக்கீட்டு அட்டவணைகள் இருக்கின்றன. உங்களுடையது எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அதற்குச் சில பரிசோதனைகள் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம், கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சராசரி சுகர். சிறுநீரில் புரதம் போகிறதா என்று. ஒரு இசிஜி. முடிந்தால் கண் டாக்டரிடம் விழித்திரைப் பரிசோதனை. இவற்றில் சிறுநீரில் புரதத்தையும் இசிஜியையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் போனாலோ, இதயச் சுவர் தடித்திருக்கிறது என்று இசிஜி சொன்னாலோ, பிரஷர் உங்கள் உறுப்புகளைத் தொடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மூன்று மாதம் காத்திருக்கும் பேச்சே இல்லை, மாத்திரை உடனே வேண்டும். சுகர் நோய் இருப்பது தெரிந்தாலும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 104 என்பது சுகர் நோய் இல்லை, அதன் வாசலில் நிற்கிறது.

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு எல்லை சொல்கிறார்களே என்றும் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2017-இல் 130/80-ஐத் தாண்டினாலே ரத்த அழுத்தம் என்று ஆக்கினார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 140/90 தான். உலக சுகாதார நிறுவனமும் சாதாரணமானவர்களுக்கு மருந்து தொடங்கும் எல்லையாக 140/90-ஐயே வைத்திருக்கிறது, நோய் உறுதியானால் நான்கு வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. வேறு சில வழிகாட்டுதல்கள் ஆபத்து குறைந்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை பழக்கங்களை மாற்றிப் பார்க்க இடம் கொடுக்கின்றன. நான் உங்கள் விஷயத்தில் எடுக்கும் நிலை இது: பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக இருந்து, வீட்டுச் சராசரி 150-ஐத் தாண்டாமல் இருந்தால், மூன்று மாதம் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்தத் தேதியை இன்றே காலண்டரில் குறித்து மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த மூன்று மாதத்தில் என்ன செய்வது? உப்புதான் முதலில். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதுவும் வெளியில் சாப்பிடுவதெல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். வீட்டில் நாலு பேர், 25 நாளில் காலி என்றால் ஆளுக்கு 10 கிராம். 50 நாள் வந்தால்தான் 5 கிராம். இதில் ஸ்டேஷன் வாசலில் சாப்பிடும் வடா பாவும், ஆபீஸில் நாலு மணிக்குப் பிரிக்கும் ஃபர்சாணும் சேரவில்லை. ஊறுகாய், வற்றல், மோர் மிளகாய் எல்லாம் உங்களுக்கே தெரியும். அப்பளத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் பொடியும் அப்படியே. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அதுவும் ஏறத்தாழ முழுக்க சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு உண்மையிலேயே பலன் தருவது. சீனாவில் 600 கிராமங்களில் நடத்திய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது 2021-இல் தெரியவந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

எடை. உங்கள் உயரத்துக்கு 79 கிலோ அதிகம். ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் சுமார் ஒன்று குறையும் என்பது அனுபவக் கணக்கு. ஐந்து கிலோ குறைத்தால் அரை மாத்திரையின் வேலை நடந்துவிடும், குறட்டையும் தணியும். நடை வாரத்துக்கு 150 நிமிஷம். காலை நடைக்கு நேரம் இல்லை என்று டோம்பிவிலிக்காரரிடம் நான் வாதாட மாட்டேன். சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறங்கி ஷேர் டாக்ஸிக்கு நிற்காமல் ஆபீஸ் வரை வேகமாக நடங்கள், மாலையும் அப்படியே. மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் வாழைத்தண்டு, கீரை, புடலங்காய் எல்லாம் டோம்பிவிலியிலும் கிடைக்கின்றன. மதியச் சாப்பாட்டு டப்பாவில் பாதி காய்கறி இருக்கட்டும். மது குடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் குறையுங்கள்.

மூன்று மாதம் கழித்து, அதே முறையில் ஒரு வாரம் அளந்து, சராசரி இன்னும் 135/85-க்கு மேல் என்றால் மாத்திரையைத் தொடங்குங்கள். தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, நடந்தும் இறங்காத பிரஷர் பெரும்பாலும் பரம்பரையாக வந்ததாக இருக்கும். அது உங்கள் குற்றம் இல்லை.

"ஆரம்பித்தால் நிறுத்த முடியாது" என்பதற்கு வருகிறேன். பிரஷர் மாத்திரை போதைப்பொருள் இல்லை. டெல்மிசார்டானை நிறுத்தினால் பிரஷர் சில நாட்களில் பழைய இடத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். பலர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவதற்குக் காரணம் அவர்களுடைய பிரஷர் வாழ்நாள் முழுக்க இருப்பதுதான். நன்றாக எடை குறைத்தவர்களுக்கு அளவைக் குறைத்திருக்கிறேன், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். ஆனால் அட்டனலால், குளோனிடின் போன்ற சிலவற்றை மட்டும் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். ஆகவே எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டெல்மிசார்டான் தொடங்கினால், முழு வேலை தெரிய நாலு வாரம் ஆகும். இரண்டு வாரம் கழித்து கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஒரு தடவை பாருங்கள். வாந்தி பேதி அதிகமாகி உடம்பில் நீர் வற்றினால் டாக்டருக்குப் போன் செய்து, அன்றைக்கு நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். காலையா இரவா என்ற கவலை வேண்டாம். 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் இருக்கும் நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம்.

கடைசியாக, "தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று காத்திருக்காதீர்கள். எப்போதாவது 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பார்வை மங்கல் எதுவும் வந்தால், அந்த நிமிஷமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் கோணினாலோ கை விழுந்தாலோ பிரஷர் எவ்வளவு என்று அளந்துகூடப் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் 158/72. "வயசோட நூறைக் கூட்டினா வர்றதுதான் சரியான அளவு, அப்படிப் பார்த்தா கம்மிதான்" என்று மாமா சொல்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார் அம்மா. மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, தாராவி

பதில்: வயதோடு நூறைக் கூட்டும் கணக்கு மிகப் பழையது, தவறானது. மாமாவிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு ரத்தக் குழாய் விறைத்துப்போவதால் மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் சாதாரணமாகவே இருக்கும். அதற்கு வைத்தியம் செய்தால் பலன் உண்டா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1991-இல் அதைத் தீர்த்துவைத்தது. சாதாரண நீர் மாத்திரையில் தொடங்கி, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் இன்னொன்றைச் சேர்த்ததில் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்தத் தலைசுற்றலை முதலில் பார்க்க வேண்டும். படுக்க வைத்து ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் ஒவ்வொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அதற்குக் காரணம் தேடாமல் மாத்திரை சேர்க்கக்கூடாது. தூக்க மாத்திரை, வேறு ஏதாவது மருந்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இதில் எதுவாகவும் இருக்கலாம். இந்த வயதில் ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதிலிருந்து மீள்வது மிகக் கஷ்டம். அந்தக் கோளாறு இல்லை என்றால், குறைந்த அளவில் ஒரே மாத்திரை, மெதுவாக ஏற்றலாம். பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சியின் ஆப்லா தவாகானாவிலும் பார்க்கலாம், மருந்து இலவசம். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டைவிட அதுதான் டாக்டருக்கு உதவும்.

கேள்வி: வயது 31. இரண்டு வருஷமாக டெல்மிசார்டான் சாப்பிடுகிறேன், பிரஷர் 120/80 தான் இருக்கிறது. இப்போது குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். மாத்திரையை மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிடுகிறேன், அவர் கண்டுபிடித்தால் என்ன சொல்வாரோ. நிறுத்திவிடலாமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: இந்த இதழில் எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் அவசரமானது. டெல்மிசார்டான், லோசார்டான், எனாலாப்ரில், ராமிப்ரில் இவை எதுவும் கர்ப்பத்தில் கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிட்டு மருந்தே இல்லாமல் இருக்கவும் கூடாது. கர்ப்பத்தில் அடங்காத பிரஷர் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. லாபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பத்தில் பல காலமாகக் கொடுத்து வருபவை. கருத்தரிப்பதற்கு முன்னாலேயே இவற்றில் ஒன்றுக்கு மாறி, பிரஷர் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு முயற்சி செய்யுங்கள். அதுவரை கருத்தடை தொடரட்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, 29 வயதில் பிரஷர் வந்ததற்குக் காரணம் தேடினார்களா? நாற்பதுக்குள் வரும் பிரஷருக்குச் சிறுநீரகம், அதற்குப் போகும் ரத்தக் குழாய், அட்ரினல் சுரப்பி, தைராய்டு இவற்றைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் கர்ப்பத்துக்கு முன்னால் இதுதான் சரியான சமயம். மகப்பேறு டாக்டரிடம் முதல் நாளே உங்கள் பிரஷர் கதையைச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவரின் முடிவு. கணவருக்குத் தெரியும்தானே? அவரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.